பெஸ்தாரி ஜெயாவிலிருந்து மேடைக்கு: ஓர் இளைஞரின் முதல் இரண்டு கட்டழகர் போட்டிகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோல சிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயா பட்டணத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர், அமெச்சூர் கட்டழகர் (பாடிபில்டிங்) போட்டிகளில் முதன்முதலாகக் கலந்துகொண்ட அனுபவத்தை இந்த நிகழ்வு ஆய்வு பதிவு செய்கிறது. இருபது வயதில் ஏறிய முதல் மேடையில் அவரால் முதல் ஐவருக்குள் வர முடியவில்லை. மறு ஆண்டு, ஏறக்குறைய அதே தரத்திலான வேறொரு போட்டியில் நான்காம் இடம் பெற்றார். இவ்விரண்டுக்கும் இடையில் அவர் ஜிம்மில் தூக்கிய எடை பெரிதாகக் கூடிவிடவில்லை. உடல் எடையைக் குறைத்த வேகம், கடைசி வாரத்தில் தண்ணீரையும் உப்பையும் கையாண்ட விதம், மேடையில் நிற்பதற்கு எடுத்துக்கொண்ட பயிற்சி ஆகிய மூன்றே மாறியிருந்தன. புதிதாக மேடையேறும் ஒருவருடைய இடத்தை முடிவு செய்வதில் பல ஆண்டுப் பயிற்சிக்கு இணையாக இந்த மூன்றுக்கும் பங்கு உண்டு என்பதே இந்நிகழ்வைப் படித்து நான் வந்தடைந்த முடிவு. அவரும் பெற்றோரும் சொன்னவற்றோடு அவர் நாள்தோறும் எழுதிவந்த பயிற்சிக் குறிப்பேட்டையும் ஆதாரமாகக் கொண்டு, அவருடைய இசைவோடு எழுதுகிறேன். அவருடைய பெயரும், ஜிம், போட்டி ஆகியவற்றின் பெயர்களும் விடப்பட்டுள்ளன.

பின்புலம்

2007-இல் பெயர் மாறிய பிறகும் ஊரின் மூத்தவர்கள் இப்பட்டணத்தைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிறார்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமான தென்னமரம் தோட்டம், பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியேவால் 1917-இல் இப்பகுதியில்தான் உருவாக்கப்பட்டது. பால்மர (ரப்பர்) காடுகள் செம்பனையாக மாறியதையும், தோட்ட வரிசை வீடுகளான லயங்களில் இருந்த குடும்பங்கள் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்ததையும், குலை வெட்டும் வேலை பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களின் கைக்குப் போனதையும் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவர் இவ்விளைஞரின் தந்தை. நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைப் பூட்டி, உயரமான மரத்தின் மட்டையையும் குலையையும் அறுத்துத் தள்ளும் வேலையில் தம் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர்.

இடைநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்ததும் மகன் ஒரு குத்தகைக்காரரிடம் குலை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். தோட்டச் சாலையோரம் குவித்து வைத்திருக்கும் குலைகளை இரும்புக் கம்பியால் குத்தித் தூக்கி டிராக்டர் வண்டிக்குள் எறிய வேண்டும். முதிர்ந்த மரத்தின் குலை பதினைந்து, இருபது கிலோ இருப்பது சாதாரணம். அதற்கு மேலும் இருக்கும். காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் உச்சிக்கு ஏறும் வரை இதைச் செய்கிற ஒருவருக்கு முதுகும் முன்கையும் தொடையும் தாமாகவே திரண்டுவிடுகின்றன. ஜிம்மில் சேர்ந்த சில மாதங்களிலேயே, ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்தவர்களைவிட அவருக்கு டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிர்வது) நன்றாக வந்ததற்கு இதுவே காரணம். ஆனால் இதில் ஒரு குறையும் மறைந்திருந்தது. குலையை எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பியே எறிந்து வந்ததால் வலப்புற முதுகு இடப்புறத்தைவிடத் தெளிவாகத் தடித்திருந்தது. ஜிம்மில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. சமச்சீரையும் சேர்த்துப் பார்க்கிற நடுவர்கள் பொருட்படுத்தினார்கள்.

அவர் சேர்ந்த ஜிம் கடைவீதியில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. பழைய இரும்பு, உடைந்த கண்ணாடி, ஒரே ஒரு மின்விசிறி, சுவரில் சசாலி சமாட்டின் படம். 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவுக்குக் கட்டழகில் தங்கம் வாங்கித் தந்தவர் அவர். ஆசிய விளையாட்டில் கட்டழகு இடம்பெற்றது 2002 புசானிலும் 2006 தோகாவிலும் மட்டுமே. அதன்பின் அந்த வாசல் மூடிவிட்டதால், இன்று இத்துறைக்கு வருகிற இளைஞர்களில் பெரும்பாலோர் சொந்தக் காசைச் செலவழித்து, சொந்த ஆர்வத்தால் மட்டுமே மேடையேறுகிறார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயிற்சியாளரோ, உணவு வல்லுநரோ, மருத்துவரோ இல்லாத இடத்தில் அறிவுரை என்பது ஜிம்மில் முன்னால் போட்டியிட்ட அண்ணன்மார்களிடமிருந்து வாய்வழியாகத்தான் வருகிறது. அதில் பாதி அனுபவம், மீதி செவிவழிச் செய்தி.

முதல் ஆயத்தம்

போட்டிக்கு எட்டு வாரங்களே இருந்த நிலையில், 70 கிலோவுக்கு உட்பட்ட புதுமுகங்கள் பிரிவில் பெயர் கொடுத்தார். உயரம் 168 செ.மீ.; அப்போதைய எடை 80 கிலோ. ஆக, எட்டு வாரத்தில் பத்துக் கிலோ, அதாவது வாரம் ஒன்றுக்கு ஒன்றேகால் கிலோ குறைத்தாக வேண்டும். தசையை இழக்காமல் கொழுப்பைக் குறைக்க விரும்புகிறவர்கள் வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு விழுக்காடு வரை குறைப்பதே ஏற்றது என்பது இத்துறையில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். இவருடைய வேகம் ஒன்றரை விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

சோற்றை அறவே நிறுத்தினார். அவித்த கோழி நெஞ்சு, முட்டை வெள்ளைக்கரு, வெள்ளரிக்காய், கங்கோங் கீரை ஆகியவையே உணவு. வேலையில் மாற்றம் இல்லை. குலை ஏற்றிவிட்டு மாலையில் ஜிம்முக்குப் போய், அதன்பின் ஒரு மணி நேரம் ஓடினார். நான்காம் வாரத்திலிருந்து குறிப்பேட்டில் ஸ்குவாட் (தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழுவது) எடை சரியத் தொடங்குகிறது: 140 கிலோவில் இருந்தது ஏழாம் வாரத்தில் 110. இப்படி ஒரு சரிவு, கொழுப்போடு தசையும் போகிறது என்பதற்கான அறிகுறி. அவரோ அதைச் சோர்வு என்று எடுத்துக்கொண்டு ஓட்டத்தைக் கூட்டினார். வீட்டில் பேச்சு குறைந்தது, தூக்கம் கெட்டது, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வந்தது. “தம்பி, மூஞ்சியெல்லாம் ஒட்டிப் போச்சேடா” என்று தாயார் சொன்னபோது அவர் மகிழ்ந்திருக்கிறார். முகம் ஒட்டினால் கொழுப்பு போய்விட்டது என்று பொருள் என ஜிம்மில் சொல்லியிருந்தார்களாம்.

பசியால் உடல் எவ்வளவு தூரம் அடங்கிப்போகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. மருந்து எதுவும் எடுக்காத ஒரு கட்டழகரை, ஆறு மாத ஆயத்தத்திலும் போட்டிக்குப் பிந்தைய ஆறு மாதங்களிலும் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. அவருடைய உடற்கொழுப்பு 14.8 விழுக்காட்டிலிருந்து 4.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 53 ஆக இருந்த இதயத் துடிப்பு 27 ஆனது. ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 9.22 நானோகிராமிலிருந்து 2.27-க்கு வீழ்ந்தது, மனநிலையும் கெட்டது. திட்டமிட்டு, ஆறு மாதம் எடுத்துக்கொண்டு, கண்காணிப்பில் இருந்த ஒருவருக்கே இந்நிலை. வெயிலில் குலை ஏற்றிக்கொண்டு அதை எட்டு வாரத்தில் செய்ய முயன்ற ஒருவருடைய உடல் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

கடைசி வாரம்

இந்நிகழ்வில் மிகுந்த கவனத்துக்குரிய பகுதி இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது உப்பை முற்றிலும் நிறுத்தச் சொன்னார்கள் ஜிம் அண்ணன்மார்கள், நிறுத்தினார். மூன்று நாள் இருக்கும்போது தண்ணீரைப் பாதியாக்கினார். கடைசி நாளில் வாய் நனைக்கும் அளவுக்கு மட்டுமே குடித்தார். அதே கடைசி இரண்டு நாளில், தசை ‘நிறைய’ வேண்டும் என்று சோறும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அளவின்றிச் சாப்பிட்டார். முந்தைய இரவு, ஜிம்மில் பழகிய ஒருவர் கொடுத்த தண்ணீர் மாத்திரையில் பாதியை விழுங்கினார். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை அது.

இந்த நான்கு செயல்களும் ஒன்றையொன்று அழிப்பவை. தசைக்குள் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் உடன் சேர்கிறது. அந்தத் தண்ணீரே தசைக்கு உருட்சியைத் தருவது. தண்ணீரை நிறுத்திவிட்டுச் சோற்றை ஏற்றினால் சோறு வயிற்றில் தங்கி உப்புமே தவிர, எதிர்பார்த்த அளவு தசைக்குள் சென்று நிறையாது. தோலுக்கும் தசைக்கும் இடையில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியேறி, தசைக்குள் இருப்பது அப்படியே நிற்கும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. உடலின் நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உயிரணுக்களுக்குள் இருக்கிறது. குடிப்பதை நிறுத்தினால் இரண்டு இடங்களிலிருந்தும்தான் போகும். உப்பும் இல்லையென்றால் இரத்தத்தின் கொள்ளளவு குறைந்து, மேடைக்குப் பின்னால் எவ்வளவுதான் ரப்பர் பட்டையை இழுத்தாலும் நரம்பு புடைக்காது, தசையில் பம்ப் (இரத்தம் பாய்ந்து வரும் உப்பல்) ஏறாது.

மாத்திரை இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. சிறுநீரோடு சோடியமும் பொட்டாசியமும் வெளியேறும்போது தசைப்பிடிப்பு ஏற்படலாம். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத்தின் தாளமே குலையும். தொழில்முறைக் கட்டழகரான முகமது பெனாசிசா 1992-இல் நெதர்லாந்தில் ஒரு போட்டியை ஒட்டி இறந்ததும், ஆண்டிரியாஸ் முன்சர் 1996-இல் இறந்ததும் இத்துறையில் உள்ளவர்களுக்குத் தெரிந்த செய்திகள். சிறுநீர்ப் பெருக்கிகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில், போட்டிக் காலம் என்றில்லாமல் எல்லாக் காலத்துக்கும் தடை செய்யப்பட்டவையாக உள்ளன. இவர் விழுங்கியது ஊக்கமருந்து விதிமீறல் என்பதே இவருக்கு அப்போது தெரியாது. கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர் நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார், அதனால் அச்செயலின் ஆபத்து குறைந்துவிடவில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமை வரை அவர் குலை ஏற்றியிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போட்டி ஞாயிற்றுக்கிழமை.

முதல் மேடை

எடை பார்க்கும்போது தராசு 69.5 கிலோ காட்டியது. கையில் கட்டியிருந்த முனீஸ்வரர் கோவில் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்கள்; கடிகாரம், சங்கிலி, காப்பு எதையும் அணிந்து மேடையேறக் கூடாது என்பது பொதுவான விதி. தயங்கிப் பின் அவிழ்த்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. போட்டியின் முடிவைக்கூட அவர் பல மாதங்கள் அதோடு சேர்த்தே பேசினார்.

கட்டழகர் போட்டியில் கட்டாய நிலைகள் (போஸ்) ஏழு: முன்பக்க இரட்டை பைசெப்ஸ், முன்பக்க விங்ஸ் (முதுகின் பக்கத் தசை) விரிப்பு, பக்கவாட்டு மார்பு, பின்பக்க இரட்டை பைசெப்ஸ், பின்பக்க விங்ஸ் விரிப்பு, பக்கவாட்டு டிரைசெப்ஸ், வயிறும் தொடையும். போட்டியாளர்களைச் சிலர் சிலராக முன்னால் அழைத்து, ஒரே நிலையில் நிறுத்தி ஒப்பிடுவார்கள். ஒவ்வொரு நிலையிலும் கெண்டைக்காலில் தொடங்கி எல்லாத் தசையையும் இறுக்கி, முகத்தில் அந்த இறுக்கம் தெரியாமல் நிற்க வேண்டும். பார்வையாளருக்கு அது சிலை போல நிற்பதாகத் தோன்றும். நிற்பவருக்கோ அது கனமான ஸ்குவாட்டுக்கு ஈடான உழைப்பு.

இவர் நிலைகளை ஜிம் கண்ணாடி முன்னால் கடைசி இரு வாரங்களில் மட்டுமே பழகியிருந்தார். மேடையில் கண்ணாடி இல்லை. விங்ஸை விரிக்கும்போது தோள் மேலேறி, கழுத்துக்குள் தலை புதைந்தது. அவருடைய உடலிலேயே சிறந்த பகுதியான முதுகு நடுவர்களுக்கு ஒழுங்காகத் தெரியவே இல்லை. இரண்டாவது ஒப்பீட்டில் பின்பக்க இரட்டை பைசெப்ஸ் நிலைக்குக் காலைப் பின்னால் ஊன்றியபோது தொடையின் பின்புறம் பிடித்துக்கொண்டது. சமாளித்து நின்றார். அடுத்த நிலையில் கெண்டைக்காலும் பிடித்தது. அவ்வளவுதான், மீதியெல்லாம் நிற்பதற்கே போராட்டம். தட்டையான தசை, உப்பிய வயிறு, நடுங்கும் கால் என்று ஒளிப்பதிவில் தெரியும் உடல், அதற்கு மூன்று வாரத்துக்கு முன் ஜிம்மில் எடுத்த படத்தில் இருப்பதைவிடச் சிறியது. மூன்று வாரத்துக்கு முன் அப்படியே மேடையேறியிருந்தால் இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

அதன்பின் நடந்தது

அன்றிரவே மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) நாசி கண்டாரும், ரொட்டி சானாயும், ஐஸ் மைலோவும். இதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் இரண்டே நாளில் கணுக்கால் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்தது. உப்பும் நீரும் குறைந்தபோது, கிடைப்பதைப் பிடித்துவைக்க ஆல்டோஸ்டிரோன் என்ற சுரப்பை உடல் கூட்டியிருக்கும். அந்த நிலையில் உப்பும் தண்ணீரும் திடீரென வந்து சேர்ந்ததும் உடல் அவற்றை வெளியே விடாமல் தேக்கிக்கொள்கிறது. பயந்துபோன தாயார் அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில், அதுவரை அவருக்கு யாருமே செய்யாத ஒன்றை அங்கே செய்தார்கள்: இரத்த அழுத்தம் பார்த்து, இரத்தம் எடுத்து, இதயத் துடிப்பைப் பதிவு செய்து, என்ன சாப்பிட்டார், என்ன விழுங்கினார் என்று பொறுமையாகக் கேட்டார்கள். மாத்திரையைப் பற்றி மறைக்காமல் சொன்னது அவருடைய நல்ல குணம். முடிவுகளில் நிலையான பாதிப்பு எதுவும் இல்லை. இனி இதைத் தொடக் கூடாது என்று மருத்துவர் எளிய மலாயில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது, பசி வடியவில்லை. இரண்டு மாதங்களுக்குள் எடை 82 கிலோவைத் தொட்டது, போட்டிக்கு முன்பிருந்ததைவிடக் கூடுதல். ஜிம் பக்கமே போகாமல் சில வாரங்கள் இருந்தார். இதைச் சோம்பல் என்று தந்தை எண்ணினார். நீண்ட பட்டினிக்குப் பிறகு பசியைத் தூண்டும் சுரப்புகள் உயர்ந்தும், நிறைவைச் சொல்லும் லெப்டின் தாழ்ந்தும் இருப்பது உடலியல் விதி. மனவுறுதி இல்லாமையாக அதைப் பார்ப்பது அநியாயம்.

இரண்டாம் ஆயத்தம்

மறு ஆண்டுத் தொடக்கத்தில், 77 கிலோவில், போட்டிக்குப் பதினாறு வாரங்கள் வைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கினார். வாரத்துக்கு அரைக் கிலோவைச் சற்றே தாண்டிய இறக்கம். சோற்றை நிறுத்தவில்லை, வேலைக்கு முந்தைய பசியாறலுக்கும் பயிற்சிக்குப் பிந்தைய உணவுக்கும் அதை ஒதுக்கிவைத்தார்.

புரதக் கணக்கை இம்முறை வீட்டுச் சமையலிலிருந்தே போட்டார்கள். தசை வளர்ப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை என்று கொண்டால், இவருக்கு நாளொன்றுக்கு 120 முதல் 160 கிராம் வரை தேவை. ஒரு முட்டையில் 6 கிராம். வெந்த கோழி நெஞ்சு 100 கிராமில் ஏறக்குறைய 30. கெம்போங் மீன் 100 கிராமில் 20-ஐ ஒட்டி. தெம்பே (புளிக்கவைத்த சோயா) 100 கிராமில் 19. நான்கு முட்டை, இருநூறு கிராம் கோழி, ஒரு மீன், ஒரு துண்டு தெம்பே என்றாலே 120-ஐத் தாண்டிவிடுகிறது. தேங்காய்ப்பால் ஊற்றாத மீன் குழம்பை அம்மா வைக்கக் கற்றுக்கொண்டார். அது குழம்பே இல்லை என்பது தந்தையின் தீர்ப்பு. முதல் முறை வாங்கிய, பெயர் தெரியாத பொடிகளை இம்முறை வாங்கவில்லை. இந்நாட்டில் பதிவு பெற்ற மருந்துப் பொருளின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண் இருக்கும் என்பதையும், ‘தசை மாத்திரை’ என்று கைமாறுகிறவற்றில் அது இருப்பதில்லை என்பதையும் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

ஆயத்தத்தின் முதல் வாரங்கள் தைப்பூசத்தோடு மோதின. தம்பிக்காகப் பத்துமலையில் காவடி எடுப்பதாகத் தந்தைக்கு நேர்த்தி. வீடு முழுவதும் விரதம், அடுப்பில் மீனும் முட்டையும் ஏறாது. இது பெரிய தடங்கலாகும் என்று மகன் அஞ்சினார். நடந்தது வேறு. தெம்பே, தவ்ஹு (சோயாக் கட்டி), பருப்பு, கொண்டைக்கடலை, பால், தயிர், பாலிலிருந்து எடுத்த புரதப்பொடி ஆகியவற்றால் 110 கிராம் வரை எட்ட முடிந்தது. எடை திட்டப்படியே இறங்கியது. பயிற்சியில் சரிவு இல்லை. இன்னொரு பயனும் விளைந்தது. மகன் சோற்றை அளந்து சாப்பிடுவதைச் சென்ற ஆண்டு ஒரு நோயைப் பார்ப்பதுபோலப் பார்த்த தாயார், வீடே கட்டுப்பாட்டோடு உண்ட அந்த நாட்களுக்குப் பிறகு, அவருடைய டயட்டை ஒருவகை விரதமாக ஏற்றுக்கொண்டார். போட்டி ஆயத்தத்தில் வீட்டாரின் ஒத்துழைப்பு எவ்வளவு பெரியது என்பதை நாள்தோறும் வீட்டில் உண்பவர்களே அறிவார்கள்.

நிலைப்பயிற்சிதான் இரண்டாம் ஆயத்தத்தின் முதுகெலும்பு. பதினாறு வாரமும், பயிற்சி முடிந்த களைப்போடேயே, ஏழு நிலைகளையும் ஒவ்வொன்றும் அரை நிமிடம் பிடித்து நின்றார். கண்ணாடியைப் பார்க்காமல், கைப்பேசியில் தங்கையை ஒளிப்பதிவு செய்யச் சொல்லி, பிறகு பார்த்துத் திருத்தினார். முதலில் பாதம், பிறகு தொடை, பிறகு இடுப்பு, கடைசியில் கை என்று நிலையைக் கீழிருந்து கட்டும் முறை பழகியதும் தோள் ஏறும் பிழை மறைந்தது. குலை எறியும் வேலையால் வந்த இடவலச் சமமின்மைக்காக முதுகுப் பயிற்சிகளை ஒற்றைக் கையால், இடக்கையில் தொடங்கிச் செய்தார். வேலையிலும் பக்கம் மாற்றி எறிய முயன்றார். சக தொழிலாளர்கள் சிரித்தாலும் அந்த முயற்சியை விடவில்லை. இது முழுமையாகச் சரியாகவில்லை, குறைந்தது.

இசைக்கேற்பத் தனியாக நிலைகளைக் காட்டும் தனிநிலைச் சுற்றுக்கு ஒரு நிமிட இசை. குத்துப்பாட்டு வேண்டும் என்பது நண்பர்களின் வற்புறுத்தல். அவர் மெதுவான நாதஸ்வர இசை ஒன்றைத் தேர்ந்தார். மெதுவான இசையில் நிலைக்கு நிலை மாற நேரம் கிடைக்கிறது, மூச்சும் வாங்காது. புதியவருக்கு அது புத்திசாலித்தனமான தேர்வு.

இரண்டாம் மேடை

கடைசி வாரம், சொல்லப்போனால், ஒன்றுமே நடக்கவில்லை. தண்ணீர் வழக்கம்போல. உப்பு வழக்கம்போல. மாவுச்சத்தை மட்டும் கடைசி இரு நாளில் மிதமாகக் கூட்டி, கடும் கால் பயிற்சியை ஐந்து நாளுக்கு முன்பே நிறுத்தினார். குத்தகைக்காரரிடம் சொல்லி அந்த வாரம் முழுதும் விடுப்பு எடுத்ததால் கூலி போயிற்று. அதற்காக மூன்று மாதமாகச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்திருந்தார். ஸ்குவாட் கடைசியாக 130 கிலோவில் நின்றது.

தராசில் 68.4 கிலோ. முதல் மேடையைவிட ஒரு கிலோவுக்கு மேல் குறைவு. ஆனால் இரண்டு ஒளிப்பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிற எவரும் இரண்டாவதில் இருப்பவரையே கனமானவர் என்பார்கள். தோள் உருண்டிருந்தது, வயிறு உள்ளடங்கியிருந்தது, விங்ஸ் விரிந்தபோது இடுப்பு சுருங்கித் தெரிந்தது. நான்கு முறை முன்னால் அழைத்து ஒப்பிட்டார்கள். தசைப்பிடிப்பு ஒருமுறையும் வரவில்லை. கோவில் கயிற்றை இம்முறை வீட்டிலேயே பூஜை அறையில் அவிழ்த்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

கட்டழகில் நடுவர்கள் மதிப்பெண்ணாக இடத்தையே எழுதுகிறார்கள்: முதல் இடத்துக்கு 1, இரண்டாம் இடத்துக்கு 2. மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி, மீதியைக் கூட்டினால், குறைந்த தொகை பெற்றவர் வெற்றியாளர். நான்காம் இடம் வந்த இவருக்கும் மூன்றாம் இடத்தவருக்கும் இடைவெளி சிறியது. முதல் இருவருக்கும் இவருக்கும் இடைவெளி மிகப் பெரியது. முடிவு அறிவித்த பிறகு நடுவர் ஒருவரிடம் சென்று, “சார், எனக்கு எது குறை?” என்று கேட்டிருக்கிறார். தொடையின் பின்புறத்திலும் பிட்டத்திலும் கொழுப்பு இன்னும் இருக்கிறது, முதுகின் இடப்புறம் மெலிவு, இவை இரண்டும் சரியானால் பேசலாம் என்று அவர் சொன்னாராம். இந்தக் கேள்வியை முதல் போட்டியில் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நின்றதே பெரும்பாடாக இருந்த அந்நாளில் கேட்டிருந்தாலும், கிடைக்கும் பதிலால் பயன் இருந்திருக்காது. நடுவர்கள் அன்று பார்த்தது அவருடைய உண்மையான உடலையே அல்ல.

சில கேள்விகள்

இந்நிகழ்வுக்கு வரம்புகள் உண்டு. ஒருவருடைய இரண்டு போட்டிகள். எதிரே நின்ற போட்டியாளர்கள் வேறு, நடுவர்கள் வேறு. ஓராண்டு கூடுதல் பயிற்சியால் வந்த முதிர்ச்சியும் இரண்டாவது முடிவில் சேர்ந்திருக்கிறது. உடற்கொழுப்பை யாரும் முறையாக அளக்கவில்லை. ஆயினும், குறைந்த எடையோடு பெரிய தோற்றம் கிடைத்ததற்குக் கடைசி வாரத்தை விட்டால் வேறு விளக்கம் எனக்குத் தென்படவில்லை. தசைப்பிடிப்பு நின்றதில் நிலைப்பயிற்சிக்கு எவ்வளவு பங்கு, தண்ணீருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டும் ஒருசேர மாறின.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். முதல் முறை அறிவுரை சொன்ன அதே அண்ணன்மார்கள் இரண்டாம் முறையும் அதே அறிவுரையைச் சொன்னார்கள். அவர்களில் சிலர் அந்த முறையிலேயே கோப்பை வாங்கியவர்கள். தண்ணீரை நிறுத்தியதால் வென்றார்களா, நிறுத்தியும் வென்றார்களா என்று அவர்கள் ஒருபோதும் சோதித்துப் பார்த்ததில்லை. மூத்தவர் சொல்லைத் தட்டாமல் வளர்ந்த ஒரு பிள்ளை, “இல்லைண்ணே, இந்தத் தடவை வேண்டாம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தது ஜிம்மில் சிலருக்குக் கசப்பாகவே இருந்தது. நான்காம் இடம் வந்த பிறகும் அந்தக் கசப்பு முழுமையாகப் போகவில்லை என்று அவர் சொல்கிறார். ஆனால் அங்கே பயிலும் இரண்டு இளையவர்கள் இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டே ஆயத்தமாகிறார்கள்.

அடுத்த ஓராண்டுக்கு அவர் மேடையேறப் போவதில்லை. முதல் இருவரோடு இருந்த இடைவெளி தசையின் அளவு சார்ந்தது, அதைப் பட்டினியால் நிரப்ப முடியாது என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. எடை 78 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, தொடையின் பின்புறத்துக்கும் இடப்புற முதுகுக்கும் கூடுதல் நாள் ஒதுக்கிப் பயில்கிறார். ரவாங் பக்கம் ஒரு கிடங்கில் ஷிஃப்டு வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். கிடைத்தால் வெயில் குறையும், கூலி நிலையாகும், ஆனால் இரவு வேலையில் தூக்கம் கெடும். குலை ஏற்றுவதை விட்டால் முதுகு என்னவாகும் என்பது தந்தையின் கவலை. டெட்லிஃப்ட் இருக்கிறதே என்கிறார் மகன்.